என் முகத்தைக் கீறிய வகுப்பு

கதிரை

அந்த வெள்ளிக்கிழமை நான் சித்திர அறையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். சித்திரம் படிப்பிக்கிற சேர் உள்ளே வந்தார். யாழ்ப்பாணத்து ஆள். அந்தத் தவணை தொடங்கும்போதுதான் எங்கள் பாடசாலைக்கு மாற்றம் வாங்கி வந்திருந்தார்.

"அம்மா, தும்புத்தடியை அங்கால வச்சிட்டு இந்தக் கதிரையில இருங்கோ. பிள்ளையள் உங்களைப் பாத்துப் படம் கீறப்போகினம்."

"என்னையவா சேர்?"

"ஓம். உங்கட முகத்தில நல்ல கோடுகள் இருக்கு. பழகிறதுக்கு நல்லம்."

கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் அந்தப் பாடசாலையில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்து எத்தனையோ வருசம் ஆகிவிட்டது. ஒரு வகுப்பிலும் நான் உட்கார்ந்ததில்லை. நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். அழகான டீச்சர்மார் இத்தனை பேர் இருக்கும்போது என் கோடுகள் எதற்கு என்று மனதுக்குள் ஒரு முள் குத்தியது. எதற்கு என்று கேட்க வாய் வரவில்லை. உட்கார்ந்தேன்.

சேர் கதிரையின் நாலு காலையும் சுற்றித் தரையில் சோக்கால் வட்டம் போட்டார். அடுத்த கிழமையும் அதே இடத்தில் கதிரை இருக்க வேண்டுமாம். "இதை மட்டும் அழிச்சுப்போடாதேங்கோ" என்றார். ஒரு பக்க ஜன்னலை மூடினார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கையை நீட்டி, பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு என்னை அளந்தார்கள். நெற்றியிலிருந்து நாடி வரைக்கும், இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரைக்கும். என்னை அப்படி யாரும் அளந்ததில்லை. செத்தவர்களுக்குப் பெட்டி செய்கிறவன்தான் அப்படி அளப்பான்.

படம் கீறினால் என்ன நடக்கும்

எனக்குச் சந்தேகம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பாடசாலையில் ஒரு வழக்கம் உண்டு. வேலையை விட்டுப் போகிறவர்களுக்குச் சித்திர வகுப்புப் பிள்ளைகள் முகத்தைக் கீறிக் கொடுப்பார்கள். அதை ப்ரேம் போட்டு, மேடையில் வைத்து, மாலையும் போட்டு அனுப்புவார்கள். கந்தோர் பியூன் பெருமாள் அண்ணன் போனதும் அப்படித்தான். அவருக்காவது அறுபது வயது என்று ஒரு கணக்கு இருந்தது. எனக்குச் சம்பளம் தருவது பாடசாலை அபிவிருத்திச் சங்கம். எனக்குப் பென்சனும் இல்லை, நிற்கும் திகதியும் இல்லை. அவர்கள் என்றைக்குப் போகச் சொல்கிறார்களோ அன்றைக்குத்தான் திகதி.

வேலை போனால் நான் கொழும்பில் மகன் வீட்டுக்குப் போக வேண்டும். மகன் நல்லவன். மருமகளும் கெட்டவள் இல்லை. ஆனால் அந்த வீட்டில் தேத்தண்ணி குடிக்கக்கூட நான் முகம் பார்த்துக் கேட்க வேண்டியிருக்கும். இங்கே வாடகை அறை என்றாலும் அடுப்பு என்னுடையது.

பின்னேரம் கேற்றில் வாச்சர் நானா பிடித்துக்கொண்டார்.

"என்ன அக்கா, ஒங்கட படத்த கீறுறாங்களாமே?"

"பழகிறதுக்காம் நானா."

"பழக எங்கட மொகம் இல்லையா? இந்தத் தாடிய கீறினா ஒரு பென்சில் முடிஞ்சிரும்." சிரித்துவிட்டுச் சொன்னார்: "படம் கீறினா அடுத்தது டீ பார்ட்டிதான். எனக்கு ரெண்டு ரோல்ஸ் எடுத்து வைங்க."

விளையாட்டாகத்தான் சொன்னார். அன்றைக்கு பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

மேடத்தின் அன்பு

அதற்குப் பிறகு எல்லாமே எனக்குச் சாட்சியாகத் தெரிந்தது. அதிபர் மேடம் என்னைக் கண்டால், "அம்மா, முட்டி வலி எப்படி இருக்கு? பாத்து நடங்க" என்பார். போன மாதம் மேல்மாடிப் படியில் தண்ணீர் வாளியோடு நான் வழுக்கி விழுந்திருந்தேன். முன்பு என் முட்டியை யாரும் விசாரித்ததில்லை. ஒரு நாள் இளவயதுப் பெண்ணொருத்தியை மேடம் கூட்டிக்கொண்டு மேல்மாடியைச் சுற்றிக் காட்டினார். குழாயடி, கழிவறை, வாளி வைக்கும் இடம் எல்லாம் காட்டினார். பிள்ளை சேர்க்க வந்த தாய் என்றால் வாளி வைக்கும் இடத்தை எதற்குக் காட்ட வேண்டும்?

அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பு நடக்கும்போது மேடம் வாசலில் வந்து நின்றார். என் பக்கவாட்டில் இருந்து கீறிக்கொண்டிருந்த ஷாலினியை எழுப்பினார். ஷாலினி பன்வில பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அந்த வகுப்பில் அவள்தான் நன்றாகக் கீறுவாள்.

"நீ நேரா முன்னால உக்காந்து கீறு. மத்தவங்க எங்க இருந்து கீறினாலும் பரவாயில்ல."

பெருமாள் அண்ணனின் படமும் நேர்ப் படம்தான்.

சேர் என்னைச் சுவரிலிருந்த ஓர் ஆணியைப் பார்க்கச் சொல்லியிருந்தார். நான் ஆணியைப் பார்க்கவில்லை. வாசலையே பார்த்தேன். யார் வருகிறார்கள், யாரோடு என்ன பேசுகிறார்கள் என்று தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓடவிட்டுக்கொண்டிருந்தேன்.

"கண் தலையின்ர நடு மட்டத்தில இருக்கும் பிள்ளையள். நெத்திக்குக் கிட்டக் கொண்டுபோகாதேங்கோ" என்று சேர் சொல்லிக்கொண்டே நடந்தார். "உங்களுக்குத் தெரிஞ்ச கண்ணைக் கீறவேண்டாம். அங்க இருக்கிற கண்ணைக் கீறுங்கோ."

காது இன்னும் முடியவில்லை

அதற்கு அடுத்த கிழமை படங்கள் முடியும் தறுவாயில் மேடம் மறுபடி வந்தார். ஷாலினிக்குப் பின்னால் நின்று படத்தைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்ன ஷாலினி இது? அம்மா கள்ளனப் பாக்கிற மாதிரி பாக்குறாங்க?"

"அம்மா அப்படித்தான் பாத்தாங்க மேடம். எல்லாக் கிழமையும்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"கொஞ்சம் சிரிக்கிற மாதிரி மாத்திரு. மேடையில குடுக்கிற படம்."

சேர் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அந்தச் செய்தி புதிது என்று அவர் முகத்தில் தெரிந்தது. "மேடம், இது பாத்துக் கீறிற பாடம். இல்லாத சிரிப்பை எப்பிடிக் கீறச் சொல்லிறது?" என்றார்.

மேடை என்ற சொல் என் காதில் விழுந்துவிட்டது. நான் ஆட்களுக்கு முன்னால் பேசுகிறவள் இல்லை. பெற்றோர் கூட்டத்துக்குக் கதிரை அடுக்கிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றும் குசினிப் பக்கம் போய் நிற்கிறவள். அன்றைக்கு எப்படியோ குரல் வந்துவிட்டது.

"மேடம், என்னைய நிப்பாட்டப் போறீங்களா?"

தலையைத் திருப்பாமலே கேட்டேன். ஷாலினி இன்னும் ஒரு காதைக் கீறி முடிக்கவில்லை.

மேடம் எனக்கு முன்னால் வந்து நின்றார். "நிப்பாட்டுறது இல்லம்மா. ரெஸ்ட் குடுக்கலாம்னு பாத்தோம். ஒங்களுக்கு சப்ரைஸா இருக்கட்டும்னுதான் சொல்லல."

"என்கிட்டக் கேக்காமலா மேடம்?"

"படியில விழுந்தீங்கல்ல? தலையில அடிபட்டிருந்தா ஒங்க மகனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"விழுந்தது மேல்மாடிப் படியில. மேல்மாடிய அந்தப் புதுப் பிள்ளைக்குக் குடுங்க. கீழ் வகுப்புகளையும் முற்றத்தையும் நான் பாத்துக்கிறேன். அங்க ஏற ஒரு படியும் இல்ல."

மேடம் என்னைப் பார்த்தார். பிறகு படத்தில் இருந்த என்னைப் பார்த்தார். படத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"ரெஸ்ட்னு சொன்னா சந்தோசப்படுவீங்கன்னு நெனச்சேன்" என்று மெதுவாகச் சொன்னார். "சங்கத்துல பேசிப் பாக்குறேன்."

அவர் போனதும் ஷாலினி கேட்டாள்: "அம்மா, கண்ண மாத்தவா?"

எழுந்து போய்ப் பார்த்தேன். பயந்த கண்தான். ஆனால் என் கண்தான்.

"கண் கெடக்கட்டும். மூக்குத்தான் பெருசா இருக்கு."

"மூக்கு அப்படித்தான்மா இருக்கு" என்றாள்.

வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு

சங்கத்தில் சரி என்றார்கள். எதுவரைக்கும் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் முழுதாக நம்பவில்லை. மேல்மாடிக்கு அந்தப் பெண் வந்தாள். நல்ல பிள்ளை. முதல் நாளே மேடம் அவளிடம், "அம்மாவுக்கு ஒத்தாசையா இரு" என்றார். ஒத்தாசை என்றால் என்ன வேலை, எத்தனை மணி வரைக்கும் என்று இப்போதே போய்க் கேட்டுக்கொள் என்று அவளை அப்போதே மேடத்திடம் திருப்பி அனுப்பினேன். கெட்ட மனதோடு நமக்கு ஒன்றைச் செய்கிறவர்கள் குறைவு. நல்ல மனதோடு, நம்மைக் கேட்காமல் செய்கிறவர்கள்தான் அதிகம். அவர்களிடம் கேட்பதுதான் கஷ்டம். அதனால்தான் முதலிலேயே கேட்க வேண்டும்.

இந்தத் தவணை வேறொரு வகுப்புக்கு உட்காரச் சொல்லி சேர் மறுபடி கேட்டார்.

"எதுக்கு சேர்?"

"சோதினைக்குப் பழகத்தான் அம்மா. சத்தியமா."

"இருங்க, மேடத்துக்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாறேன்" என்று போனேன். மேடம் என்னைக் கண்டதும் சிரித்துவிட்டார். "பழகத்தான்மா, போய் உக்காருங்க" என்றார். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தேன். இந்த முறை ஆணியைப் பார்த்தேன்.