அக்கரைக்காரிக்கு எத்தனை வயசு?

கிரேக்க நாட்டு மலையூரான எங்கள் பலியோகரியாவில் வயதானவர்கள் எல்லோருக்கும் பிறந்த நாள் ஜனவரி ஒன்று. ஜெர்மானியர்கள் ஊரைக் கொளுத்தியபோது கோயிலும், அதற்குள் இருந்த ஞானஸ்நானப் பதிவேடும் சேர்ந்து எரிந்துபோயின. போர் முடிந்தபின் வந்த குமாஸ்தா ஒவ்வொருவரையும் ஏற இறங்கப் பார்த்து ஒரு வருஷத்தை எழுதினார். தேதிக்கு அவர் மெனக்கெடவில்லை.

அதனால் யாருக்கும் நஷ்டமில்லை, ஆகஸ்டில் மாதா திருவிழா வரும்வரை. அன்று கோயில் முற்றத்தில் ஊரே கைகோத்து ஆடும். வாத்தியம் கிடையாது, எங்கள் தொண்டைதான். வரிசை வயதுப்படி. பெண்களில் மூத்தவள் முன்னால் நின்று இழுத்துப் போவாள். அவள் வளைந்த இடத்தில் எல்லோரும் வளைவோம். பதினோரு வருஷம் இழுத்துப் போன எவான்தியா இந்தப் பிப்ரவரியில் கண்ணை மூடினாள். அடுத்து யார்? இருவர் இருந்தார்கள்: பொலிக்செனி, அவளுடைய நாத்தனார் ஆரேத்தி. இருவர் அடையாள அட்டையிலும் ஒரே வருஷம், ஒரே ஜனவரி ஒன்று! மணமாகி வந்தவளுக்கும் எங்கள் ஊர்க் கணக்குப்படியே எழுதிவிட்டார்கள்.

பொலிக்செனி என் பக்கத்து வீட்டுக்காரி. பத்தொன்பது வயதில், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து, கல்பாலம் தாண்டிக் கோவேறு கழுதை மேல் மணப்பெண்ணாக வந்தாள். எங்கள் பேச்சில் 'பொலி' என்றால் ஏராளம், 'செனி' என்றால் அந்நியப் பெண். வாசலில் நின்ற ஆரேத்தி அன்றே சொன்னாளாம்: "பேரிலேயே அந்நியம் இருக்கு. அதுவும் ஒண்ணு ரெண்டு இல்லை, ஏகப்பட்டது!" அந்தச் சிரிப்போடு அவள் அக்கரைக்காரி ஆனாள்.

எரிந்த கோயிலுக்கு மறுபடி கூரை போட, பெண்கள்தான் மலையிலிருந்து பலகைக் கற்களை முதுகில் கட்டிச் சுமந்தார்கள். வயிற்றில் ஆறு மாதப் பிள்ளையோடு அவளும் சுமந்தாள். "நம்ம கோயில்" என்று வாய்தவறிச் சொன்னால் ஆரேத்தி திருத்துவாள்: "எங்க கோயில்." படுக்கையில் விழுந்த மாமியாரைப் பொலிக்செனிதான் ஒன்பது வருஷம் பார்த்துக்கொண்டாள். அந்த அம்மாள் கடைசி வாய்த் தண்ணீரைப் பெற்ற மகள் கையில் வாங்கவில்லை, இவள் கையில்தான் வாங்கினாள். என் கண்ணால் பார்த்தேன். அப்புறமும் அவள் அக்கரைக்காரிதான்.

ஜூலையில் ஒருநாள் என்னோடு பயறு உரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கையை நிறுத்தினாள்.

"ஒரே ஒரு தடவை இந்த ஊர்ப் பொம்பளைங்களை நான் இழுத்துக்கிட்டுப் போகணும். அப்புறம் என்னை எங்கே புதைச்சாலும் சரி."

திருவிழாவுக்கு முந்தைய ஞாயிறு, பூசை முடிந்து எல்லோரும் மெனெலாஸின் காப்பிக் கடையில் இருந்தோம்.

"நான்தான் மூத்தவ. இதுல பேச என்ன இருக்கு?" என்றாள் ஆரேத்தி.

"போன வருஷம் டாக்டர்கிட்ட எழுபத்தெட்டுதான்னீங்களே, அத்தை?" என்று மெனெலாஸ் கேட்டான்.

"அது டாக்டருக்கு. இது மாதாவுக்கு."

சிரிப்பு அடங்கியதும் பாதிரியார் போத்திஸ் கோப்பையைக் கீழே வைத்தார். இரண்டு ஊருக்கும் அவர் ஒருவர்தான்.

"நம்ம பதிவேடு எரிஞ்சதுன்னு இத்தனை வருஷமா அழுறோம். அக்கரைக் கோயில் எரியலையே! பொலிக்செனிக்கு ஞானஸ்நானம் ஆனது அங்கதானே?"

இத்தனை காலம் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

வியாழக்கிழமை கொண்டுவருவதாகச் சொன்னார். அந்த நான்கு நாட்களும் பொலிக்செனி சரியாகச் சாப்பிடவில்லை. நான் கொண்டுபோன கீரை அப்பத்தைக் கோழிக்குப் போட்டுவிட்டாள். "ஒருவேளை நான் சின்னவளா இருந்துட்டா?" என்று என் கையைப் பிடித்துக் கேட்டாள்.

வியாழக்கிழமை அதே கடையில் பாதிரியார் பழுப்பேறிய அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் படித்தார். "பொலிக்செனி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு, மார்ச் மூணு."

"அடேயப்பா! ஊர்லயே நிஜமான பிறந்த நாள் இருக்கிற ஒரே கிழவி அக்கரைக்காரிதான்!" என்று மெனெலாஸ் கத்தினான்.

பிறகு எல்லோரும் ஆரேத்தியைப் பார்த்தோம். அவளிடம் காகிதம் இல்லை. பிப்ரவரி என்று சொன்னால் மறுத்துப் பேச உயிரோடு ஒருவரும் இல்லை. பொலிக்செனி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க எப்பம்மா பிறந்தீங்க?" பாதிரியார் மெதுவாகக் கேட்டார்.

ஆரேத்தி தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். சன்னல் வழியே கோயில் கூரையையே வெகுநேரம் பார்த்தாள்.

"ராஜா நாட்டுக்குத் திரும்பி வந்தாரே, அதுக்கு மறு வருஷம். கஷ்கொட்டை பொறுக்கப் போன இடத்துல வலி எடுத்துச்சுன்னு எங்கம்மா சொல்லுவா."

மெனெலாஸ் விரல் மடக்கினான். "ராஜா திரும்பினது முப்பத்தஞ்சு. மறு வருஷம்னா அதே முப்பத்தாறு. கஷ்கொட்டை விழறது அக்டோபர். அப்ப நீங்க ஏழு மாசம் இளையவங்க, அத்தை!"

"எனக்கும் எண்ணத் தெரியும்டா, காப்பியைப் பாரு!" என்று அவன் மேல் பாய்ந்த ஆரேத்தி, பொலிக்செனி பக்கம் திரும்பினாள். "என்ன முழிக்கிறீங்க, அண்ணி? ஞாயித்துக்கிழமை முன்னாடி நில்லுங்க. பல்லும் உங்களுக்குத்தானே முதல்ல போச்சு."

அண்ணி! தன் அண்ணன் ஸ்தெர்யோஸ், பொலிக்செனியின் புருஷன், உயிரோடு இருந்தபோதுகூட அந்த வார்த்தை ஆரேத்தி வாயில் வந்ததில்லை. பொலிக்செனி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, தலைத்துணி முனையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நாங்களும் அழுதோம். மெனெலாஸ் யாரும் கேட்காமலே எல்லோருக்கும் திராட்சைச் சாராயம் ஊற்றினான்.

திருவிழா அன்று கறுப்பு உடுப்பைத் தேய்த்து உடுத்திக்கொண்டு அவள் முதலில் நின்றாள். அவள் கையை ஆரேத்தி பிடித்திருந்தாள். அதற்கப்பால் நாங்கள் நாற்பது பேர். பாட்டு எழுந்தது. பொலிக்செனியின் கால் பாட்டை முந்திக்கொண்டு ஓடியது.

"மெதுவா, அண்ணி! மாட்டுக்குப் பின்னாடியா ஓடறீங்க? எனக்கு முட்டி வலிக்குது."

"பேசாம என் பின்னால வாடி" என்று சொல்லிவிட்டு, பொலிக்செனி எங்கள் எல்லோரையும் இழுத்துக்கொண்டு கோயிலைச் சுற்றி வளைந்தாள்.