கனடா சுரேஷ் கனடா போன விதம்

சகாய சுரேஷ் விமானம் ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே ஊரில் அவனுக்குக் 'கனடா சுரேஷ்' என்று பேர் விழுந்துவிட்டது. வில்லியனூரிலிருந்து டவுன் பஸ்ஸில் கொஞ்ச தூரம் மேற்கே போனால் வருகிற மாதா கோயில் ஊர் அவனுடையது. அங்கே ஒருத்தனுக்குப் பேர் வைக்க ஞானஸ்நானத் தொட்டி தேவையில்லை, டீக்கடை போதும்.

தொழில் வெல்டிங். நல்ல தொழில்காரன், அதில் கேலி பேச ஒன்றுமில்லை. அந்த வட்டாரத்தில் பாதி வீட்டு கேட்டுகள் அவன் கைவேலை. இந்துக்கள் வீட்டுக்கு அன்னப்பறவை, கிறிஸ்தவர் வீட்டுக்குச் சிலுவை, கட்சிக்காரர் வீட்டுக்கு அவரவர் சின்னம். தேர்தல் முடிந்து ஆள் கட்சி மாறினால், பழைய சின்னத்தை அறுத்தெடுத்துப் புதுசை ஒட்டுவதற்கும் அவனையே கூப்பிடுவார்கள். புதுச்சேரியில் அரசியல் நடக்கிற வரைக்கும் அவனுக்கு வேலைப் பஞ்சம் வந்திருக்கவே கூடாது.

வந்தது. காரணம் ஒரு செல்போன் வீடியோ.

கோட்டு போட்ட ஒரு ஆள் அந்த வீடியோவில் தோன்றி, கனடாவில் வெல்டர்களே இல்லை என்றான். அவன் சொன்ன தோரணையைப் பார்த்தால், அந்த நாட்டில் உடைந்த கேட்டை எல்லாம் கயிறு போட்டுக் கட்டி வைத்துக்கொண்டு சகாய சுரேஷின் வருகைக்காகக் கண்ணில் நீரோடு காத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். சுரேஷுக்கு அப்படித்தான் தோன்றியது. குடும்பத்தோடு போகலாம், பிள்ளைக்குப் படிப்பு, வயசான காலத்தில் பென்ஷன் என்றெல்லாம் அந்த ஆள் அடுக்கினான்.

ஏற்கெனவே அவனுக்கு ஒரு பழைய வயிற்றெரிச்சல் உண்டு. பக்கத்துத் தெருவில் 'சொல்தா' வீடுகள் நாலைந்து இருக்கின்றன. தாத்தா காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த புண்ணியத்தில் அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் பிரான்சுப் பிரஜைகள். பிறந்ததைத் தவிர வேறெந்தச் சிரமமும் படாமல் பாரீசுக்குப் போய்விட்டு, வருஷத்துக்கு ஒருமுறை வந்து, "இன்னா வெயிலு, இன்னா வெயிலு" என்று விசிறிக்கொள்வார்கள். தான் பிறப்பால் போகப் போவதில்லை, தொழிலால் போகப் போகிறோம் என்பதை சுரேஷ் அவர்கள் காதில் விழும்படி பலமுறை சொன்னான்.

வீடியோ பார்த்த மறுவாரமே பட்டறையில் புது ஆர்டர் வாங்குவதை நிறுத்தினான்.

"கேட் போட்டுக் குடுப்பா சுரேசு" என்று யாராவது வந்தால், "நான் பூடுவேன்ணே, வேலை பாதியில நின்னுடும்" என்பான். மரியாதையான பதில்தான். வந்தவர்கள் மரியாதையாகக் காட்டேரிக்குப்பத்து வெல்டரிடம் போனார்கள். அந்த வெல்டர் சுரேஷின் கனடாவை நம்பிப் புது மோட்டார் சைக்கிள் வாங்கினான்.

கனடா போக ஆங்கிலத் தேர்வு ஒன்று எழுத வேண்டியிருந்தது. வில்லியனூர் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் மாடியில் அருள்முருகன் என்பவர் நடத்திய பயிற்சி வகுப்பில் சேர்ந்தான். அருள்முருகனும் எங்கேயும் போனதில்லை. ஆனால் அவர் சுவரில் லண்டன் படம் இருந்தது. சாயந்திரம் சுரேஷ் வீட்டில் நடந்துகொண்டே இங்கிலீஷ் பேசிப் பழகுவான். மகள் ஜோவிதா கேள்வி கேட்பாள், இவன் பதில் சொல்வான், அவள் சிரிப்பாள், இவன் அடிக்க ஓடுவான். பயிற்சி அத்தோடு முடியும்.

முதல் தேர்வுக்குச் சென்னை போனபோதே சொந்தக்காரர்கள் பிரியாணி விருந்து வைத்து வழியனுப்பிவிட்டார்கள். தேர்வில் ஒரு பெண் எதிரே உட்கார்ந்து, தங்களுக்குப் பிடித்த மியூசியத்தைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசுங்கள் என்றாள். சுரேஷ் ஜென்மத்தில் மியூசியத்துக்குப் போனதில்லை. எதைக் கேட்டாலும் நிறுத்தாமல் பேசணும் என்று அருள்முருகன் சொல்லியிருந்தார். "மியூசியம் இஸ் குட். மியூசியம் இஸ் வெரி குட். மை வொய்ஃப் ஆல்சோ குட்" என்று ஆரம்பித்து, நேரம் மிச்சமிருந்ததால் மனைவியின் குணநலன்களை விவரித்தான். அந்தப் பெண் புன்னகையோடு கேட்டாள். புன்னகைக்கு மார்க் இல்லை.

அடுத்த வருஷமும் எழுதினான். அதற்கடுத்த வருஷமும் எழுதினான். விருந்து மட்டும் வருஷத்துக்கு வருஷம் பிரியாணியிலிருந்து சாம்பார் சாதத்துக்கும், அப்புறம் டீ பிஸ்கட்டுக்கும் இறங்கி வந்தது.

இந்தக் காலம் முழுக்க அடுப்பு எரிந்தது எப்படி என்று யாரும் கேட்கவில்லை, சுரேஷும் கேட்டுக்கொள்ளவில்லை. அவன் மனைவி ரோஸி மேரி புதுச்சேரி டவுனில் மதாம் என்று எல்லாரும் கூப்பிட்ட ஒரு பிரெஞ்சுக்காரம்மா நடத்திய பேக்கரியில் வேலை பார்த்தாள். தட்டு கழுவத்தான் சேர்ந்தாள். ஒருநாள் மாவு பிசைகிற ஆள் வராமல் போக, இவள் பிசைந்தாள். மதாம் அந்த ரொட்டியை உடைத்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து, மறுநாளும் இவளையே பிசையச் சொன்னாள். அப்புறம் வருஷக்கணக்காக முதல் பஸ்ஸில் போய் மாவு புளிக்க வைத்து, உருட்டி, கீறி, சுட்டு இறக்கினாள். மதாமுக்குத் தமிழும் வராது, இங்கிலீஷும் ஒழுங்காக வராது. ஆகவே ரோஸி மேரிக்குப் பிரெஞ்சு வந்தது. திட்டு வாங்கியே ஒரு பாஷையைக் கற்றுக்கொள்ள முடியும் என்பது பள்ளிக்கூடங்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

வீட்டிலும் சில சமயம் அந்த வார்த்தைகள் வாயில் வந்துவிடும்.

"இன்னாடி மூக்கால பேசற? சளி புடிச்சிருக்கா?" என்பான் சுரேஷ்.

அவள் பதில் சொல்ல மாட்டாள். பதில் சொன்னால் முதல் பஸ் போய்விடும்.

மதாமுக்கு அண்ணன் ஒருத்தர் இருந்தார். கனடாவில் பிரெஞ்சு பேசுகிற பக்கம் ஒரு சின்ன ஊரில் அவருக்கும் பேக்கரி. தங்கையைப் பார்க்க வந்தவர் காலையில் ரோஸி மேரி சுட்ட ரொட்டியைத் தின்றுவிட்டு, எழுந்து உள்ளே போய் அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ஊரில் விடியுமுன் எழுந்து மாவு பிசைய ஆள் கிடைப்பதில்லை. பிள்ளைகள் எல்லாம் படித்துவிட்டுப் பெரிய நகரத்துக்கு ஓடிவிட்டார்களாம். "நீ வர்றியா?" என்று கேட்டார். அவருக்குப் புரிகிற பாஷையிலேயே அவள், "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

யோசித்தாள். பிரெஞ்சுத் தேர்வு எழுதினாள். பாஸ் பண்ணினாள். இதை எல்லாம் அவள் மறைக்கவில்லை. ஒவ்வொன்றையும் சுரேஷிடம் சொன்னாள். அவன் அப்போது நாலாவது ஆங்கிலத் தேர்வுக்கு மும்முரமாகத் தயாராகிக்கொண்டிருந்தான். "சரி சரி, கதவச் சாத்திட்டுப் போ" என்றான்.

வேலை உத்தரவு வந்த அன்று சாயந்திரம் அவன் தட்டில் மீன் குழம்பு ஊற்றிவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"ஏங்க, கனடாவுல வேலை கெடச்சிடுச்சி. குடும்பத்தோட வரலாமாம்."

சுரேஷ் சோற்றைப் பிசைந்த கையை உயர்த்தி, "மாதாவே!" என்றான். "எனக்கு ஒண்ணும் மெயில் வரலியே? யாருக்கு வந்துது?"

"எனக்கு."

"எனக்கு வந்தது உனக்கு எப்பிடி வரும்?"

"எனக்கு வந்ததுதான் எனக்கு வந்துது. வேலை எனக்கு. நீங்க என் கூட வர்றீங்க. ஜோவிதாவும்."

அவன் மீன் முள்ளைத் தட்டோரம் ஒதுக்கி வைத்தான். பிறகு, "ரொட்டி சுடறவளையா கூப்புடறான்? இரும்பு வேணாமாமா அவனுக்கு?" என்று கேட்டான்.

"பசிச்சா ரொட்டிதான் துன்னுவாங்க" என்று சொல்லிவிட்டு அவள் இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

அந்த வாரம் முழுக்க சுரேஷ் பட்டறையில் போய் உட்கார்ந்திருந்தான். துருப்பிடித்த மெஷின்களுக்கு நடுவே, வேலையும் இல்லாமல், கோபமும் யார் மேல் என்று தெரியாமல். அவள் மேல் கோபப்படலாம் என்றால், அவள் பாட்டுக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறாள். கனடா மேல் கோபப்படலாம் என்றால், அது கூப்பிட்டிருக்கிறது, இவனை இல்லை, அவ்வளவுதான். பெண்டாட்டி பின்னால் பெட்டி தூக்கிக்கொண்டு போவதா என்று அப்பா மரியதாஸிடம் முறையிட்டான். மரியதாஸ் கரும்பு வெட்டி, செங்கல் சூளையில் வேலை பார்த்து, மகனைத் தொழில் படிக்க வைத்தவர். வார்த்தையை வீணாக்குகிற பழக்கம் இல்லாதவர்.

"இத்தினி வருசமா பஸ்ஸுக்கு நின்ன" என்றார். "பஸ்ஸு வந்துக்குது. டிரைவரு பொம்பளைன்னு ஏற மாட்டியா? அப்ப நில்லு. வெயிலுதான் ஏறும்."

சுரேஷ் ஏறத் தீர்மானித்தான்.

செய்தி ஊருக்குத் தெரிந்தது. ஊர் தனக்குத் தெரிந்த மாதிரி அதைப் புரிந்துகொண்டது. ஃப்ளெக்ஸ் கடை அன்புராஜ் சுரேஷின் பள்ளித் தோழன். பாசத்தில் பஸ் நிறுத்தம் அகலத்துக்கு ஒரு பேனர் அடித்து வைத்தான். வெல்டிங் முகமூடியும் தீப்பொறியுமாக ஆளுயரத்துக்கு சுரேஷ். பின்னால் பனிமலை, பக்கத்தில் ஏனோ ஒரு சிங்கம். 'கனடாவை வெல்லப் புறப்படும் வெல்டிங் சக்கரவர்த்தியே, வருக வருக!' என்று எழுதியிருந்தது. போகிறவனை எதற்கு வருக என்கிறாய் என்று கேட்டதற்கு, அரசியல்வாதிகளுக்கு அடித்த டிசைன், மாற்ற நேரமில்லை என்றான். மூலையில், வாழ்த்துவோர் வரிசையில், தபால்தலை அளவுக்கு ரோஸி மேரியின் படம்.

அவள் பேக்கரியிலிருந்து வந்து பஸ்ஸைவிட்டு இறங்கி அந்தப் பேனர் முன்னால் நின்றாள். சுரேஷ் பக்கத்தில் நெளிந்துகொண்டு நின்றான்.

"நல்லாத்தான் கீது" என்றாள். "சிங்கம் இன்னாத்துக்கு?"

"அது… சும்மா."

"எனக்கும் வாழ்த்து சொல்லத்தான் எடம் குடுத்துருக்கான் உன் சிநேகிதன். நானே எனக்கு வாழ்த்து சொல்லிக்கினு போறேன்."

வழக்கமாக 'நீங்க' என்பவள் 'உன்' என்றதை அவன் கவனித்தான்.

வழியனுப்பு விழாவில் பங்குச் சாமியார் சுரேஷின் விடாமுயற்சியைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தார். சால்வை போர்த்தினார்கள். மைக்கைக் கையில் கொடுத்ததும் சுரேஷ் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ரோஸி மேரியைப் பார்த்தான். அவள் ஜோவிதாவின் பின்னலைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். ஒரு விசயம் சொல்லிடறேன். நான் அங்க வெல்டரா போவல. வேலை எம் பொண்டாட்டிக்கு. நான் சும்மா டிபென்டன்ட்டா போறேன்."

பலத்த கைதட்டல்.

கீழே இறங்கியதும் அவன் மாமா ஒருத்தர் தோளைத் தட்டி, "சந்தோசம் மாப்ள. டிபென்டன்ட்னா சூப்பர்வைசருக்கு மேலயா, கீழயா?" என்று கேட்டார்.

உண்மையைச் சொல்லிவிட்டால் மனப்பாரம் இறங்கும் என்பார்கள். கேட்கிறவர்கள் ஒத்துழைத்தால்தானே?

ஆனால் வீட்டுக்குப் போகிற வழியில் ரோஸி மேரி அவன் சால்வையை வாங்கி மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். "மைக்குல நல்லா பேசறீங்க. இந்த மாரி இங்கிலீசுல பேசிருந்தா எப்பவோ பாஸாயிருப்பீங்க" என்றாள். அவன் சிரித்தான். வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே போனான்.

அந்தச் சின்ன ஊரில் போய் இறங்கியபோது பனி கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே முதல் சில மாதம் சகாய சுரேஷ் வென்றதெல்லாம் சமையலறையைத்தான். ரோஸி மேரி விடியுமுன் கிளம்பிப் போவாள். இவன் ஜோவிதாவை எழுப்பி, அடுக்கடுக்காகச் சட்டை மாட்டி, பள்ளிக்கூடத்தில் விட்டு, வாசலில் குவிந்த பனியை அள்ளி, சோறு வடித்துக் காத்திருப்பான். பனியைப் பார்த்து ஆனந்தப்படுகிறவர்கள் அதை வாரிப் போட்டதில்லை என்று கண்டுபிடித்தான். ஊரில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'சுரேசு பொண்டாட்டி'தான். இங்கே பேக்கரிக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் ரோஸியைத் தெரியும். சகாய சுரேஷ் என்ற பேர் அவர்கள் வாயில் நுழையவில்லை. ஆகவே அவன் 'மிஸ்யே ரோஸி', அதாவது திருவாளர் ரோஸி, ஆனான். முதலில் திருத்திப் பார்த்தான். பிறகு கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தான்.

மகளிடம் பிரெஞ்சு படித்தான். இந்த முறை அவள் சிரித்தாலும் அடிக்க ஓடவில்லை. ஓடினால் கனத்த பூட்ஸ் வழுக்கும். பனி உருகி, அடுத்த பனி வருவதற்குள், பனி வாரும் வண்டிகளுக்குத் தகடு செய்கிற பட்டறை ஒன்றில் வெல்டராகச் சேர்ந்தான். அன்னப்பறவையோ கட்சிச் சின்னமோ யாரும் கேட்கவில்லை. நேராக ஒட்டினால் போதும் என்றார்கள். ஊரில் மரியதாஸ் யாரிடமும் பெருமை அடிக்கவில்லை. கேட்டால், "மருமவ கூட கீறான்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர்க் கோயிலுக்குப் போனார்கள். நம்மூர்க் கோயிலைவிட மூன்று மடங்கு பெரிசு. உள்ளே எட்டோ பத்தோ கிழவர் கிழவிகள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு சாமியார். சொந்த ஊரில் சுரேஷ் பூசை முடிகிற வரைக்கும் வெளியே வண்டி மேல் உட்கார்ந்து அரட்டை அடிக்கிற ரகம். இங்கே வெளியே உட்கார்ந்தால் உறைந்துபோவான். உள்ளே நுழைந்தவனை அந்தக் கிழவிகள் காணாமல்போய்த் திரும்பிய பிள்ளையைப் போல் பார்த்தார்கள். பூசைக்கு வருகிற ஆண்களில் நரைக்காத தலை அவனுடையதுதான். மறுவாரம் காணிக்கைத் தட்டைக் கையில் கொடுத்தார்கள். அடுத்த மாதம் மணிக்கயிற்றைக் கொடுத்தார்கள்.

இப்போது ஞாயிறுதோறும் அந்த ஊரைப் பூசைக்கு எழுப்புவது அவன்தான். பிரசங்கத்தில் பாதி அவனுக்கு இன்னும் புரிவதில்லை. புரிந்த மாதிரித் தலையாட்டிக்கொண்டே இருக்கிறான். சாமியாருக்கு அவன் மேல் ரொம்ப நம்பிக்கை. பக்கத்தில் ரோஸி மேரி, வாரம் முழுக்கப் பின்னிரவிலேயே எழுந்த களைப்பில், அவன் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்குகிறாள்.