இல்லையென்று சொல்லச் சொன்னேன்

சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஓர் ஒயர்கூடை தொங்குகிறது. நீலமும் வெள்ளையும் கட்டம் கட்டமாகப் பின்னியது. ஒரு பக்கக் கைப்பிடி அறுந்துபோனபோது என் மனைவி அதைப் பச்சை ஒயரால் சுற்றிக் கட்டினாள். வீட்டில் நீல ஒயர் தீர்ந்திருந்தது. வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் வாங்கிவரவில்லை. காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்டு இந்தக் கூடையை வாங்கிக்கொண்டபோது முதலில் கண்ணில் பட்டது அந்தப் பச்சைதான்.

விழுப்புரத்தில் ஒரு நாளிதழில் வேலை பார்த்தேன். காய்கறி விலை நிலவரமும் சாலை விபத்துகளும் பெரும்பாலும் என் கையால் போனவை. அவள் பள்ளி ஆசிரியை. நான் ஓய்வு பெற்றதும் அவள் பிறந்த ஊரான திண்டிவனத்துக்கே வந்துவிட்டோம். சாயங்காலம் செஞ்சி ரோட்டிலிருந்து மார்க்கெட்டுக்கு நடப்போம். மல்லாட்டை, எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர், விற்கும் அம்மாவிடம் வந்ததும் அவள் உட்கார்ந்துவிடுவாள். ஒரு காயை உடைத்து, பருப்பைப் பார்க்காமல் ஓட்டின் உட்புறத்தைப் பார்ப்பாள். கருத்திருந்தால் முற்றிய காய். வெளுத்திருந்தால் எழுந்துவிடுவாள். "ஊருக்கெல்லாம் ரேட் எழுதுனவரு. நீ சொல்ற ரேட்டுக்குத் தலைய ஆட்டிக்கினு நிக்கிறாரு பாரு" என்று என்னைக் காட்டிச் சொல்வாள். இருவரும் சிரிப்பார்கள். வாங்கிவந்ததை உப்புப் போட்டு அவித்து, வாசலில் உட்கார்ந்து சாப்பிடுவோம். பேச்சு அதிகம் இருக்காது. ஓடு உடையும் சத்தம்தான்.

பிறகு அவளுக்கு மறதி வந்தது. முதலில் பெயர்கள் போயின. அடுத்து, செய்துமுடித்த காரியங்கள் போயின. மல்லாட்டை வாங்க வேண்டும் என்பது நினைவிருந்தது. வாங்கியாகிவிட்டது என்பது நினைவில் நிற்கவில்லை. காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை கூடையோடு போய்வந்தாள். சமையலறை மூலையில் காய்கள் முளைவிட்டன, பூசணம் பூத்தன. சென்னையிலிருந்து மகள், அம்மாவை வெளியே விடாதீர்கள் என்றாள். கதவைப் பூட்ட எனக்கு மனம் வரவில்லை. நடையும் கடையும்தான் அவளிடம் மிச்சமிருந்தன. பூட்டாமலே தடுக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். கூடைக்குள் ஓர் அட்டையில் வீட்டு போன் நம்பரை எழுதிவைத்தேன். மார்க்கெட்டில் மல்லாட்டை விற்கும் எல்லோரிடமும் போய், அவள் கேட்டால் இல்லையென்று சொல்லிவிடுங்கள் என்றேன்.

நாங்கள் வழக்கமாக வாங்கும் அந்த அம்மா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "வாய்விட்டு இல்லன்னு எப்படி சார் சொல்றது? தீந்துட்டா கூட நாளைக்கு வரும்னுதான் சொல்லுவோம். டீச்சரம்மா போணி நேரத்துல வர்றவங்க." விலை நிலவரம் கேட்டுத் திரிந்த காலத்திலேயே இந்தப் பழக்கம் எனக்குத் தெரியும். அரிசி தீர்ந்தால் வீட்டில் இல்லையென்று சொல்லமாட்டார்கள், கடையிலும் அப்படித்தான். மூடநம்பிக்கை என்று நினைத்திருந்தேன். அதையே அவரிடமும் சொன்னேன். அவளுடைய நல்லதுக்குத்தான் என்று வற்புறுத்தினேன்.

அன்று சாயங்காலம் எதிரே மருந்துக்கடை ஓரமாக நின்று பார்த்தேன். அந்த அம்மா குனிந்துகொண்டே, "இல்ல டீச்சரம்மா" என்றார். முன்னால் முழங்கால் உயரத்துக்குக் குவியல் கிடந்தது. என் மனைவி குவியலைப் பார்த்தாள். "அப்ப இது?" என்றாள். "அது வேற ஒருத்தருக்குச் சொல்லி வெச்சது." "சரி கண்ணு, அவுங்களுக்கே குடு." வீட்டுக்கு வந்ததும் வெறுங்கூடையைக் காட்டி, "இன்னிக்கு மல்லாட்ட கெடைக்கலங்க. நாளைக்கு எப்படியாவது வாங்கியாந்துர்றேன்" என்றாள், ஏதோ தன் தவறுபோல. பரவாயில்லை என்றேன். என் யோசனை பலித்துவிட்டது என்றும் நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் காலை நான் குளித்துவிட்டு வந்தபோது ஆணியில் கூடை இல்லை. மார்க்கெட்டில் எல்லாக் கடையிலும் கேட்டிருக்கிறாள். எல்லோரும் நான் சொல்லிக்கொடுத்ததையே சொல்லியிருக்கிறார்கள். பஸ் நிலையத்துக்கு நடந்துபோய் விழுப்புரம் பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். விழுப்புரம் மார்க்கெட்டில் எப்போதும் கிடைக்கும் என்பது அவள் நினைவில் தங்கியிருந்தது போலும். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது, ரோட்டோரம் அவித்த மல்லாட்டை விற்பவர்களை ஜன்னல் வழியாகப் பார்த்தாளாம். "நிறுத்துப்பா, நிறுத்து. அங்க இருக்குது பாரு" என்று எழுந்துவிட்டாளாம். கண்டக்டர் பிறகு என்னிடம் சொன்னது இது. அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இருந்ததால்தான் இறக்கிவிட்டேன் சார் என்று அழுதார்.

வாங்கிக்கொண்டு, ரோட்டைக் கடந்து திரும்பும்போது லாரி மோதியது. அட்டையில் இருந்த எண்ணைப் பார்த்து என்னைக் கூப்பிட்டார்கள். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில்தான் அவளைப் பார்த்தேன். கூடைக்குள் இரண்டு பொட்டலங்கள் இருந்தன, ஈரத்தில் காகிதம் நைந்து. ஒன்று எனக்கு.

மறுநாள் பேப்பரில் ஒரு சிறு பத்தி வந்திருந்தது. சாலையைக் கடக்க முயன்ற மூதாட்டி லாரி மோதி பலி. யார், எங்கே, எப்போது என்பதெல்லாம் சரியாக இருந்தன. அவள் ஏன் கடந்தாள் என்பது இல்லை. அதே மாதிரிப் பத்திகளை எத்தனையோ எழுதியிருக்கிறேன். நானும் ஒருமுறைகூட அதைக் கேட்டதில்லை.

இப்போது அதே நடையைத் தனியாக நடக்கிறேன். தினமும் கூடையோடு போய் மல்லாட்டை வாங்கிவருகிறேன். அவிப்பதில்லை. மூலையில் மறுபடியும் காய்கள் முளைவிட்டிருக்கின்றன. போன வாரம் மகள் வந்தபோது அதைப் பார்த்துவிட்டு வெளியே போனாள்.

நேற்று அந்த அம்மாவின் எதிரே போய் நின்றேன். அவர் உடனே அளக்கும் படியை எடுக்கவில்லை.

"உங்க பொண்ணு வந்துச்சு சார். அப்பா கேட்டா இல்லன்னு சொல்லிடுங்கன்னு அழுவுது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னா சொல்றது? என் வாயால அத ஒரு தபா சொன்னது போதும்னேன்."

ஒரு காயை எடுத்து உடைத்து, ஓட்டின் உட்புறத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கருத்திருந்தது. பிறகு படி நிறைய அள்ளிக் கூடையில் கொட்டினார். பச்சை ஒயர் சுற்றிய இடம் உள்ளங்கையில் அழுத்தியது. வீடு வரும்வரை கை மாற்றவில்லை.