துரையின் இடக்காது

தம்பி துரை வேல்ஸில் காலமாகி, அந்தியேட்டி முடிந்த வாரம், அவன் ஆடிய றகர் பந்தாட்டக் கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மண்டபச் சுவரில் மாட்டுவதற்கு, குடும்பத்தோடு அவன் நிற்கும் படமொன்று வேண்டுமாம். பழைய அல்பத்தைத் திறந்தேன். ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக் தாள்களைப் பிரித்தபோது துரை உடம்பில் பூசும் நோவெண்ணெய் மணப்பதுபோல் இருந்தது. வயதானால் மூக்குக்கும் ஞாபகம் பிறழும் போலும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நாடுவிட்டு வந்த புதிதில், பார்க்டேலில் நாங்களிருவரும் இருந்த அறையில் அந்த மணம் என்றும் நீங்கியதில்லை. பகலில் உணவகமொன்றில் கோப்பை கழுவிவிட்டு மாலையில் பயிற்சிக்குப் போவான் துரை. கொழும்பில் பள்ளி நாளில் பழகிய ஆட்டம். எட்டுப் பேர் ஒருவரையொருவர் பற்றிக் குனிந்து, எதிரணியின் எட்டுப் பேரோடு முட்டித் தள்ளுவார்கள். முன்வரிசையின் ஓரத்தில் நின்று அந்தப் பாரத்தைக் கழுத்தில் வாங்குபவன் அவன். காதுகளை அமுக்கித் தலையைச் சுற்றி ரேப் நாடா ஒட்டுவான். அப்படியிருந்தும் இடக்காது நசிந்து, வீங்கி, மடங்கியபடியே இறுகிப்போயிற்று.

நானோ பட்டதாரி. பாண் வாங்கப் போனாலும் ரை கட்டுபவன். விருந்தினர் வருவதென்றால் தை மாதக் குளிரிலும் யன்னல்களைத் திறந்துவைப்பேன். ஒரேயொரு முறை ஆட்டம் பார்க்கப் போனேன். வேலியோரம் குடை பிடித்தபடி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவன்போல் நின்றேன். சேறு அப்பிய கையை உயர்த்தித் துரை ஆட்டினான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஊதியம் பெற்று ஆடலாம் என்று விதி மாறியதும் வேல்ஸில் ஒரு சிற்றூர்க் கழகம் அவனை அழைத்துக்கொண்டது. பொறியியல் படிக்கப் போயிருக்கிறான் என்று தெரிந்தவர்களிடம் சொல்லிவைத்தேன். சொன்னதைக் காப்பாற்ற வேண்டுமல்லவா? இரண்டே ஆண்டில் அவனை முதல் வகுப்பில் சித்தியடையவும் வைத்தேன்.

பிறகு தங்கையின் கல்யாணம். சனிக்கிழமை ஆடிவிட்டு, திரும்பாத கழுத்தோடு விமானமேறி வந்திருந்தான். இங்குள்ள வெக்ஸ்போர்ட் மண்டபத்தில் மாப்பிள்ளையின் தகப்பனார் அவனுக்கு என்ன வேலை என்று என்னைக் கேட்டார். எஞ்சினியர் என்றேன். துரை பக்கத்தில்தான் நின்றான்.

"ஓம் அங்கிள். பாரம் தாங்கிற வேலை," என்றான் சிரித்தபடி.

படமெடுக்க நின்றபோது அவன் காதருகே குனிந்து மெல்லச் சொன்னேன்.

"கொஞ்சம் இடப்பக்கம் திரும்பி நில்லடா. காது தெரியுது."

"அண்ணை, முட்டேக்க முன்னுக்கு நிக்கிறது நான். பின்னுக்கு நிண்டு தள்ளுறவைக்குக் காது மடங்காது."

அன்று அதை ஆட்டத்தைப் பற்றிய விளக்கமென்றே எடுத்துக்கொண்டேன். மூத்தவன் சொன்னால் திரும்ப வேண்டும் என்ற கண்டிப்போடு காத்து நின்றேன். நோவிலே முகம் சுளித்து, அந்தக் கழுத்தைத் திருப்பினான்.

நான்கு ஆட்டப் பருவங்கள் ஆடினான். பின்னர் கழுத்தே அவனை நிறுத்திவிட்டது. அவன் அங்கேயே தங்கிவிட்டான். நானும் ஒருநாளும் அவன் ஊருக்குப் போய்ப் பார்க்கவில்லை.

அந்தக் கல்யாண மண்டபம் இப்போது பொருட்களை அடுக்கிவைக்கும் கிட்டங்கி. படமெடுத்தவர் கடையை மூடும்போது நெகற்றிவ்களையும் எறிந்துவிட்டாராம். அல்பத்தை இருமுறை புரட்டினேன். பிற்காலப் படங்கள் எல்லாவற்றிலும், யாரோ கூப்பிட்டதுபோல் துரை பக்கவாட்டில் பார்க்கிறான்.

கல்யாணப் படத்தையே எடுத்து, அதன் பின்புறத்தில் அவன் பெயரையும், கீழே 'றகர் ஆட்டக்காரன், முன்வரிசை' என்றும் திருத்தமாக எழுதினேன். முன்புறத்தில் எல்லோரும் இருக்கிறோம். அந்தக் காது மட்டும் இல்லை.