கொய்யாச் சாறும் ஜெயசீலனின் மூக்கும்

எங்கள் கல்லூரி வேலூருக்கும் காட்பாடிக்கும் நடுவில் இருக்கிறது. நான் அங்கே நூலகர். புத்தகம் கொடுப்பதும், திரும்பி வராத புத்தகத்துக்காகச் சண்டை போடுவதும் தவிர உணவு அறிவியல் துறையோடு எனக்கு வேறு உறவு இருந்ததில்லை. ஒருநாள் அந்தத் துறையில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யும் நந்தினி வந்து, வாரம் ஒருமுறை பழச்சாறு குடிக்க வர முடியுமா என்று கேட்டாள். ஓசியில் பழச்சாறு என்றால் யார்தான் மாட்டேன் என்பார்கள்? போய் உட்கார்ந்த பிறகுதான் அது வேலை என்று புரிந்தது.

நந்தினி ஒடுகத்தூர்ப் பெண். கொய்யாச் சாற்றைப் புட்டியில் அடைத்து வைத்தால் நாளாக ஆக நிறம் மங்கும், வைட்டமின் சி குறையும், மணம் கெடும். கம்பெனிக்காரர்கள் இதற்கு மருந்து கலப்பார்கள். நாம் குப்பையில் போடும் மாதுளம்பழத் தோலைக் காயவைத்து, பொடித்து, அதிலிருந்து இறக்கிய சாரத்தை மருந்துக்குப் பதிலாகக் கலக்கலாம் என்பது நந்தினியின் கட்சி. சாறு கெடாமல் காக்கும் சத்து அதில் எவ்வளவு இருக்கிறது என்பதை மெஷின் சொல்லிவிடும்; ஊதாச் சாயம் ஒன்று மஞ்சளாக மாறுவதை வைத்துக் கணக்குப் போடுவார்கள். ஆனால் மாதுளம் தோல் துவர்க்கும். எந்த அளவுக்கு மேல் போனால் குடிப்பவர் முகம் சுளிப்பார் என்று சொல்ல அந்த ஆய்வுக்கூடத்தில் மெஷின் இல்லை. அதற்குப் பத்து நாக்குகள் வேண்டியிருந்தன.

பத்தில் ஒன்பது பேர் படித்தவர்கள், அல்லது என்னைப்போலப் படித்தவர்கள் என்று நம்பப்படுகிறவர்கள். நந்தினியின் வழிகாட்டி பேராசிரியர் சுந்தரமூர்த்தியே ஒரு நாற்காலியில் இருந்தார். அலுவலகத்திலிருந்து ரஃபத் ஜஹான் மேடம் வந்தார். பத்தாவது நாற்காலிக்கு ஆள் சிக்காமல், ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவும் உதவியாளர் ஜெயசீலனை உட்காரச் சொன்னாள் நந்தினி. இந்தக் கதை அவருடையது.

ஜெயசீலன் ஆம்பூர்க்காரர். பத்தாவது முடித்த கையோடு தோல் பதனிடும் ஷாப்புக்கு வேலைக்குப் போனவர். தோலிலிருந்து மயிரை நீக்கும் சுண்ணாம்புப் பகுதியில் போட்டார்கள். அங்கே புழங்கும் ரசாயனத்துக்கு அழுகின முட்டை நாற்றம். புதிதாக வருகிறவன் முதல் வாரம் வாந்தி எடுப்பான். “பழகிடும்” என்பார்கள். நாற்றம் தெரியாமல் போகிற அன்று, “மூக்கு செட் ஆயிடுச்சி” என்று முதுகில் தட்டி டீ வாங்கிக் கொடுப்பார்கள். ஒரு மனிதனின் மூக்கு செத்துப்போனதற்கு டீ வாங்கிக் கொடுத்துக் கொண்டாடிய இடம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். யாரும் அதை வியாதி என்று நினைக்கவில்லை. ஜெயசீலனும் நினைக்கவில்லை. ஷாப்பை விட்டு வெளியே வந்தால் மூக்கு தானாகத் திரும்பும் என்றுதான் இருந்தார்.

ஷாப்பு மூடப்பட்டு, கல்லூரி வேலைக்கு வந்து, வருஷங்கள் போயின. காலையில் காப்பியை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பாராம். சூடு தெரியும், அவ்வளவுதான். மனைவி ஜோதி ஷூ கம்பெனியில் தையல் பகுதியில் இருக்கிறார். கணவர் ஷாப்பை விட்டு நின்றதும் அந்த அம்மாள் வீட்டுக்கு வெள்ளையடித்து, இப்போதுதான் வீடு வாசனையாக இருக்கிறது என்று சொல்ல, இவர் ஆமாம் என்று சொல்லிவைத்தார். அந்த ஓர் ஆமாமுக்குப் பிறகு உண்மையைச் சொல்ல வழியில்லாமல் போயிற்று. இதையெல்லாம் அவர் என்னிடம் சொன்னது ரொம்பப் பின்னால்.

நாற்காலி விஷயத்துக்கு வருகிறேன். ஷாப்பில் இருந்த காலம் முழுக்க ஜெயசீலன் உட்கார்ந்து வேலை செய்ததில்லை. கல்லூரியிலும் நின்றபடிதான். இங்கேயோ பேராசிரியருக்குப் பக்கத்தில் நாற்காலி, அவருக்கு வைத்த அதே வெள்ளைக் கப், அவர் போடும் மார்க்குக்கு உள்ள அதே மதிப்பு. சாறு குடிக்கும் நாளான வியாழக்கிழமை என்றால் இஸ்திரி போட்ட சட்டையில் வருவார். அந்த நாற்காலி போய்விடக் கூடாது என்பதில் அவர் எவ்வளவு குறியாக இருந்தார் என்பது அந்தச் சட்டையைப் பார்த்தாலே தெரியும்.

ஒவ்வொரு கப்பிலும் வெறும் எண் ஒட்டியிருக்கும். உள்ளே எந்தச் சாறு என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். நிறம், மணம், இனிப்பு, துவர்ப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்பதுக்குள் மார்க் போட வேண்டும். துவர்ப்பில் ஜெயசீலன் புலி. எங்களைச் சோதிக்க நந்தினி ஒரே சாற்றை இரண்டு எண்களில் வைப்பாள். நான் ஒன்றுக்கு ஏழும் இன்னொன்றுக்கு நாலும் போட்டு மானத்தை வாங்கிக்கொள்வேன். அவர் இரண்டுக்கும் ஒரே மார்க் போடுவார். மணத்துக்கு மட்டும் எதிரில் இருந்த ரஃபத் ஜஹான் மேடத்தின் புருவத்தைப் பார்ப்பார். அந்த அம்மாவுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. புருவம் ஏறினால் எட்டு, இறங்கினால் மூன்று. இப்படியே மூன்று மாதம் ஓட்டிவிட்டார்.

வினை பேராசிரியர் வாயிலிருந்து வந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து மார்க் போடுவது பரீட்சையில் காப்பி அடிக்கிற மாதிரி என்று நந்தினியைக் கடிந்துகொண்டார். நடுவில் தடுப்பு வைக்க வேண்டும் என்றார். நந்தினி அட்டைக்கு அலைந்தாள். கடைசியில் ஆம்பூரிலிருந்து ஷூ அட்டைப்பெட்டிகளைப் பஸ்ஸில் சுமந்துவந்து, வெட்டி, மேஜைமேல் நிறுத்தியவர் ஜெயசீலன்தான். முடியாது என்று சொல்ல அவரிடம் என்ன காரணம் இருந்தது?

அந்த வியாழக்கிழமை வைத்த சாறுகளில் ஒன்று, மாதுளைச் சாரம் கலக்காமல் சூடான அலமாரியில் பல வாரம் கிடந்தது. எவ்வளவு கெட்டுப்போகும் என்று பார்ப்பதற்காக வைத்தது. கப்பை மூக்கருகே கொண்டுபோனதும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அழுகின முட்டையேதான். அட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரஃபத் ஜஹான் மேடத்தின் குரல் கேட்டது.

“இன்னாம்மா இது, ஷாப்புத் தண்ணி கலக்குற பாலாத்தங்கரையில நிக்கிற மாதிரி இருக்குது.”

எல்லோரும் சிரித்தோம். பேராசிரியரும் சிரித்துக்கொண்டே, இது ஷாப்பு நாற்றம்தானே என்று ஜெயசீலனைக் கேட்டார். நான் அட்டைக்குப் பின்னால் ஜெயசீலனை எட்டிப் பார்த்தேன். அவருடைய கப் காலியாக இருந்தது. அவர் தாளில் மணத்துக்கு எட்டு போட்டிருந்தார்.

நந்தினி தாள்களை வாங்கும்போது அதைப் பார்த்தாள், அப்போது ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் போன பிறகு கேட்டாள். நான் கிளம்ப எழுந்தேன். ஜெயசீலன் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். தனியாகச் சொல்ல அவருக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும்.

“எனக்கு வாசனையே தெரியாதும்மா. ஷாப்புல இருந்தே.”

“அந்த நாத்தத்துக்குப் பழகிடுச்சாண்ணா?”

“பழகல. மூக்கே போய்ட்டுது.”

நந்தினி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மூன்று மாதமாக அவர் மணத்துக்குப் போட்ட மார்க் அத்தனையும் வீண். ஆட்களை எடுக்கும் முன்பே மூக்கையும் நாக்கையும் சோதித்திருக்க வேண்டும். அதை அவள் செய்யவில்லை, செய்தாயா என்று பேராசிரியரும் கேட்கவில்லை. ஜெயசீலன் அதைப் பற்றியெல்லாம் பேசவில்லை. இனிமேல் நான் உட்கார வேண்டாமா என்று மட்டும் கேட்டார். அவளுக்குப் பதில் தெரியவில்லை.

பேராசிரியருக்குத் தெரிந்திருந்தது. மூக்கில்லாதவருக்கு நாற்காலி இல்லை என்று சொல்லிவிட்டார். அடுத்த வியாழன் ஜெயசீலன் பழைய சட்டையில் வந்து, கப்புகளை வரிசையாக வைத்துவிட்டுக் கதவோரம் நின்றார். பத்தாவது நாற்காலி காலியாகவே கிடந்தது. அந்த வாரம்தான் வீட்டில் ஜோதியிடமும் உண்மையைச் சொன்னாராம். இத்தனை வருஷம் குழம்பு வாசனை எப்படி என்று கேட்டபோதெல்லாம் தலையாட்டினாயே என்று அந்த அம்மாள் இரண்டு நாள் பேசவில்லை.

இதற்கிடையே நந்தினியின் ஆராய்ச்சி பேஜாராகிப் போயிற்று. ஜெயசீலன் இல்லாமல் துவர்ப்பு மார்க்குகள் தாறுமாறாக வந்தன. கொய்யாவின் மணம் தூக்கலாக இருக்கும் கப்பில் எங்களுக்குத் துவர்ப்பு கம்மியாகத் தெரிந்தது. மூக்கு நாக்கை ஏமாற்றியது. அப்படியானால் எல்லோருடைய மூக்கையும் அடைத்துவிட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. பல ஆய்வுக்கூடங்களில் அப்படிச் செய்கிறார்கள் என்று பேராசிரியரிடம் புத்தகத்தைக் காட்டினாள். அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தவன் நான்தான். மூக்கை அடைத்துவிட்ட பிறகு ஜெயசீலனை மட்டும் விலக்கிவைக்க என்ன நியாயம் இருக்கிறது என்றும் கேட்டுவிட்டாள். பேராசிரியர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

அடுத்த வியாழக்கிழமை மேஜையில் துணி காயப்போடும் க்ளிப்புகள் இருந்தன, வலிக்காமல் இருக்கப் பஞ்சு சுற்றி. ஒன்பதுதான் இருந்தன. ஜெயசீலன் இஸ்திரி போட்ட சட்டையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். க்ளிப் மாட்டிய பேராசிரியரைப் பார்த்து எல்லோருக்கும் சிரிப்பு. நானும் மாட்டிக்கொண்டு முதல் கப்பை எடுத்தேன்.

வாயில் ஒன்றுமில்லை. கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் புளிப்பு, நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. அவ்வளவுதான். எலுமிச்சை பிழிந்த சர்க்கரைத் தண்ணீர் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். கப்பைப் பார்த்தேன், இளஞ்சிவப்பாகக் கொய்யாச் சாறுதான். மறுபடி குடித்தேன். கொய்யா இல்லை. சிரிப்பெல்லாம் நின்றுபோயிருந்தது. பேராசிரியர் கப்பைக் கீழே வைத்துவிட்டு, மூக்கடைத்த குரலில் கேட்டார்.

“ஜெயசீலன், எல்லாச் சாப்பாடும் இப்படித்தானா?”

“ஆமா சார். பிரியாணி கூட.”

பேனா சத்தம் மட்டும் கேட்டது. எழுதி முடித்ததும் ஒன்பது பேரும் அவசரமாக க்ளிப்பைக் கழற்றினோம். அறை முழுக்கக் கொய்யா மணம் அடித்தது. மிச்சச் சாற்றை மூக்கருகே கொண்டுபோன நான், பக்கத்தில் அவர் இருப்பது நினைவுக்கு வந்து, வெட்கமாகி, கப்பைக் கீழே வைத்தேன். அவர் கவனித்துவிட்டார்.

“மோந்து பாருங்க சார், நல்லா இருக்கும்” என்றார்.