கோல் விழக்கூடாத ஆட்டம்

எங்கள் கிளப்புக்கு மைதானம் கிடைத்ததே இஞ்சியால்தான். மட்டாஞ்சேரியில் மசாலாக் கிடங்குகளைப் பாண்டிகசாலை என்பார்கள். அப்படி ஒன்றின் பின்முற்றத்தில், மழையில்லாத மாதங்களில் இஞ்சியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கியெடுத்து வெயிலில் பரப்பிச் சுக்காக்குவார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த என் அம்மாவுக்கு அங்கேதான் வேலை. மழை தொடங்கினால் முற்றம் காலியாகிவிடும். மூட்டை தூக்கும் ஆட்கள் அந்த மாதங்களில் அங்கே பந்து விளையாடினார்கள். முதலாளி தடுக்கவில்லை. தமிழ் பேசுகிறவர்கள், மலையாளம் பேசுகிறவர்கள், ஒரே வாக்கியத்தில் இரண்டையும் பேசுகிறவர்கள் என்று எல்லாரும் சேர்ந்த அந்தக் கூட்டம்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப் ஆனது.

பிறகு சுக்கு வியாபாரம் படுத்தது. முற்றத்தை நீங்களே வைத்து விளையாடுங்கள் என்று முதலாளி வீட்டார் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டார்கள். கல்தளத்தைப் பெயர்த்துவிட்டு மண் அடித்தோம். வடக்கு மூலையில் இருந்த பெரிய சுண்ணாம்புத் தொட்டியை இடிக்க ஆள் கூலி கட்டுப்படியாகாது என்று, உடைந்த ஓட்டையும் செங்கல்லையும் கொட்டி அப்படியே மூடினோம். அதன்மேல் புல்கூட முளைத்தது. நாளாவட்டத்தில் அங்கே தொட்டி இருந்ததையே மறந்துவிட்டோம்.

நான் ஆட்டக்காரன் இல்லை. எனக்குக் கால் வராது, நாக்கு வரும். எர்ணாகுளத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு, செவன்ஸ் போட்டி நடக்கும் நாட்களில் மைக் பிடிப்பேன். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்தில் பந்து நிற்கவே நிற்காது. மைக் பிடிப்பவன் வாயும் நிற்கக்கூடாது.

நான்கைந்து வருடங்களுக்கு முன் ஒரு சாயங்காலம் எங்கள் மைதானத்தில் இறுதிப் போட்டி. எதிரணி கும்பளங்கிக்காரர்கள். கூட்டம் அதிகம் வரும் என்று, கமுகந்தடிகளைக் கயிற்றால் கட்டிப் படிப்படியாகக் கேலரி போட்டிருந்தார்கள். அதன் முதுகுப்புறம் பாண்டிகசாலையின் சுவர். இறங்க முன்பக்கம் மட்டும்தான் வழி. காலையில் கடல் ஓதம் ஏறி, மைதானத்தை ஒட்டிய ஓடையில் தண்ணீர் பொங்கியிருந்தது. மதியத்துக்குள் வடிந்துவிட்டதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் பாதி தொடங்கிச் சற்று நேரம் ஆகியிருக்கும். இரண்டு பக்கமும் கோல் இல்லை. எங்கள் செக்ரட்டரி என் மேசைக்கு வந்து, மைக்கைக் கையால் பொத்தினார். மூட்டை தூக்கி உரம் ஏறிய உடம்பு, அந்தக் காலத்தில் எங்கள் அணியின் தடுப்பாட்டக்காரர்.

"வடக்கு மூலையிலே கேலரியோட கால் தாழுது. தொட்டி இருந்த எடம். நீ இதிலே ஒண்ணும் பறைய வேண்டாம், கேட்டியா?"

திரும்பிப் பார்த்தேன். மூலைத்தடி ஒரு முழம் இறங்கியிருந்தது. கேலரி முழுவதும் அந்தப் பக்கமாக லேசாகச் சாய்ந்திருந்தது. மேலே இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை; கடலை தின்றுகொண்டிருந்தார்கள். நடுவரிசையில் என் மனைவி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரோடு உட்கார்ந்திருந்தாள்.

விழப்போகிறது என்று சொன்னால் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடுவார்கள். அந்த ஓட்டத்திலேயே அது விழும். ஆட்டத்தை நிறுத்தினாலும் சண்டைக்கு எழுந்திருப்பார்கள். என்ன செய்வது என்று கேட்டேன்.

"ஆட்டம் நடக்கட்டும். ஆனா கோல் விழக்கூடாது. விழுந்தா எல்லாரும் குதிப்பாங்க, அதோட தீர்ந்தது. நீ ஆளுங்களை மெல்ல எறக்கு."

அவர் கோட்டோரமாக நடந்து போனார். பந்து வெளியே போனபோது நடுவரின் காதில் ஏதோ சொன்னார். நடுவர் எங்கள் கேப்டனிடம் சொன்னார், பிறகு கும்பளங்கிக் கேப்டனிடம். கெட்டு என்கிற மீன் பண்ணையில் வேலை பார்க்கும் நெட்டையான அந்த மனிதன் கேலரியை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினான். அடுத்த நிமிடத்திலிருந்து பந்து நடுமைதானத்தைத் தாண்டவில்லை.

நான் மைக்கை எடுத்தேன். முன்வரிசைக்காரர்கள் கோட்டருகே வந்து தரையில் உட்காரலாம், ஆட்டத்தைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம், தயவுசெய்து ஒவ்வொருவராக வாருங்கள் என்றேன். பக்கத்தில் போய்ப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? முன்வரிசை இறங்கியது. பிறகு இரண்டாவது வரிசை. கிளப் ஆட்கள் கீழே நின்று, யாரும் ஓடாதபடி கைபிடித்து இறக்கினார்கள். இடையிடையே நான் ஆட்டத்தையும் சொல்ல வேண்டியிருந்தது. ஒன்றும் நடக்காத ஆட்டத்தைப் பரபரப்பாகச் சொல்வது அவ்வளவு எளிதில்லை. கண் மூலைத்தடியை விட்டு நகரவில்லை. மனைவியின் வரிசையை முதலில் கூப்பிட நாக்கு நுனிவரை வந்தது. நடுவில் இருப்பவர்களை இறக்கினால் முன்னால் இருப்பவர்களும் எழுந்திருக்க வேண்டிவரும். கூப்பிடவில்லை.

கூட்டம் கூச்சல் போடத் தொடங்கியது. இரண்டு அணியும் பேசிவைத்து ஆடுகிறார்கள் என்று ஒருவர் கத்தினார். அதுவும் உண்மைதானே.

அப்போதுதான் எங்கள் முன்கள ஆட்டக்காரன் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினான். தூரத்து ஓரத்தில் நின்ற அவனுக்கு மட்டும் விஷயம் போய்ச் சேரவில்லை. இரண்டு பேரைத் தாண்டினான். எதிரே கோல்கீப்பர் மட்டும். கேலரியில் மிச்சமிருந்தவர்கள் எழ ஆரம்பித்தார்கள். கயிறு முறுகும் சத்தம் என் மேசைவரை கேட்டது.

நடுவர் விசிலடித்து ஆஃப்சைடு என்று கையை உயர்த்தினார்.

செவன்ஸில் ஆஃப்சைடு கிடையாது. எங்கள் தெருவில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் அது தெரியும். ஒரு கணம் யாருக்கும் எதுவும் புரியவில்லை. பிறகு மைதானமே சிரித்தது. எழுந்தவர்கள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்கள். முன்கள ஆட்டக்காரன் நடுவரிடம் சண்டைக்குப் போனான். கும்பளங்கிக் கேப்டன் அவன் தோளில் கைபோட்டுத் தள்ளிக்கொண்டு போய்க் காதில் சொன்னான். அவன் முகம் வெளுத்ததை நான் இங்கிருந்து பார்த்தேன்.

என் மனைவியின் வரிசை இறங்கியது. ஒரு பிள்ளையை இடுப்பிலும் மற்றதைக் கையிலும் பிடித்து அவள் கோட்டுக்கு வந்தாள். அங்கே உட்காராமல் நேராகக் கேட்டைத் தாண்டிப் போனாள்.

கடைசி வரிசையில் சிலர், நாங்கள் இங்கிருந்தே பார்ப்போம் என்று அடம்பிடித்தார்கள். செக்ரட்டரி மூலைத்தடியைத் தோளில் தாங்கி நின்றபடி அவர்களைக் கெஞ்சிக்கொண்டிருந்தார். பாதிப் பேர் இறங்கியபோது மூலை அப்படியே உள்ளே போனது. நான் நினைத்ததுபோல் பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. தடிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து படுத்தன. மேலே இருந்தவர்கள் சறுக்கிக்கொண்டு வந்து விழுந்தார்கள்.

சிராய்ப்புகள், ஒருவருக்குக் கை பிசகல், ஆலுவாவிலிருந்து ஆட்டம் பார்க்க வந்திருந்த பஸ் கண்டக்டர் ஒருவருக்குக் கால் முறிவு. செக்ரட்டரிக்குத் தோள் எலும்பு இறங்கிவிட்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு அணிக்காரர்களும் சேர்ந்துதான் ஆட்களைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள்.

வீட்டுக்குப் போனதும் எப்படித் தெரிந்துகொண்டாய் என்று மனைவியிடம் கேட்டேன்.

"நீங்க மைக்கில தயவுசெய்துன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல."

சொல்லிவிட்டு அழுதாள். என்னை ஏன் முதலில் கூப்பிடவில்லை என்று கேட்பாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

செக்ரட்டரி பொறுப்பை விட்டுவிட்டார். தொட்டியை மூடியபோது தான் கூடவே நின்றதாகவும், தனக்கு முன்பே ஞாபகம் வந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். நாங்கள் எல்லாரும்தான் நின்றோம் என்று சொல்லிப் பார்த்தோம்; கேட்கவில்லை. தொட்டியைத் தோண்டியெடுத்து மண் நிரப்பிக் கெட்டிப்படுத்திய பிறகும் மைதானத்தில் கேலரி போடுவதில்லை என்று முடிவானது. இப்போது எல்லாரும் நின்றுதான் பார்க்கிறார்கள்.

அந்த இறுதிப் போட்டியை மறுபடி ஆட ஒரு காலையில் கும்பளங்கிக்காரர்கள் அவர்களாகவே வேன் பிடித்து வந்தார்கள். விளம்பரமோ மைக்கோ கிடையாது. சாயாக் கடையில் இருந்தவர்கள்தான் கூட்டம். அந்த நெட்டைக் கேப்டன் தலையால் முட்டி முதல் கோலைப் போட்டான். நல்ல கோல் என்று சொன்னார்கள். பந்து வலையில் விழுந்த நேரத்தில் நான் வடக்கு மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.