மூன்று மாதம் யாரும் கூப்பிடாத பெயர்

ஓர்ஸ் ஹில்லில் உள்ள ஒரு சிறிய அலுவலகத்தில், ஓய்வுபெற்ற பிறகும் எனக்கொரு கதிரை கிடைத்தது. வேலை, பட்டியல் பார்ப்பது. புல்மோட்டையிலிருந்து வெருகல் வரை பதினேழு மீனவர் சங்கங்கள், பதினேழு கணினிகள். சங்கத்தில் இருப்பவர் ஒரு பொத்தானை அழுத்தினால், அந்தக் கணினி எங்கள் அலுவலகத்து நடுக்கணினியான சேர்வரிடம் ஒரு வேலையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். பெயர் நான் பார்க்கும் பட்டியலில் இருந்தால் சேர்வர் அதைச் செய்து பதில் அனுப்பும். இல்லாவிட்டால் ‘அப்படி ஒரு வேலை இல்லை’ என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு நாள் பிடித்தது. எங்கள் முகாமையாளருக்கு இன்னும் விளங்கவில்லை.

அவர் வந்தபோது பட்டியலில் எண்பத்துநான்கு பெயர்கள். ஐஸ் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கும் ஒரே வேலைக்கு ஐந்து பெயர்கள். முன்னர் இருந்த ஒவ்வொரு முகாமையாளரும் தன் ருசிக்கு ஒன்று பதிந்துவிட்டுப் போயிருந்தார். புதியவர் தன் முதற் கூட்டத்தில் ‘ஒழுங்கு’ என்ற சொல்லைப் பன்னிரண்டு தடவை சொன்னார்.

“ஐயா, இது பட்டியலா, குப்பைத்தொட்டியா? பாவிக்காததெல்லாத்தையும் தூக்குங்கோ.”

மூன்று மாதப் பதிவுகளை எண்ணினேன். முப்பத்துநான்கு பெயர்களை ஒருவரும் கூப்பிடவில்லை. அவற்றில் ஒன்று, படகு திரும்பவில்லை என்ற செய்தியை, படகின் இலக்கத்தோடும் போனவர்களின் பெயர்களோடும் மற்றப் பதினாறு சங்கங்களுக்கும் ஒரேயடியாக அனுப்புவது.

“தம்பி, இதை இருக்க விடுவம். படகு வராட்டித்தானே கூப்பிடுவினம்.”

“மூண்டு மாசமா ஒருதரும் கூப்பிடேல்லையே ஐயா. பிறகு வேணுமெண்டால் போடலாம்.”

நான் இன்னும் வாதாடியிருக்கலாம். ஆனால் அதையும் எடுத்தால் சரியாக ஐம்பது. அந்த ஐம்பது எனக்குப் பிடித்திருந்தது. எடுத்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, காலை பத்துமணிக்கு வெருகல் சங்கத்துக் கிளாக்கர்ப் பெண் தொலைபேசியில் வந்தாள்.

“ஐயா, பொத்தானை ஆறுதரம் அமத்திப்போட்டன். அப்படி ஒரு வேலை இல்லையாம். விடியக் கரைக்கு வந்திருக்க வேண்டிய படகு. எங்கட தம்பி அதில.”

“ஒவ்வொரு சங்கமாப் போன் எடுத்துப் பாத்தீங்களா பிள்ளை?”

“எடுக்கிறன். ரெண்டு பேர்தான் தூக்கினவை.”

அந்தப் பெயரை மறுபடி சேர்க்கக் கேட்டு முகாமையாளரிடம் போனேன்.

“அதுக்குப் படிவம் இருக்கு ஐயா. ரெண்டு பேர் கையெழுத்து வைக்கோணும்.”

“கையெழுத்து வைக்கிற மற்ற ஆள் லீவு.”

“அப்ப நாளைக்குப் பாப்பம்.”

எடுப்பதற்கு ஒரு கையெழுத்தும் கேட்காத மனிதர், சேர்ப்பதற்கு இரண்டு கேட்டார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது அரை நிமிடம், அதுவே வீண். வேலை சேர்வருக்குள் அப்படியேதான் கிடந்தது, பட்டியலில் பெயர்தான் இல்லை. ஒரு வரி போதும். என் மேசைக்குத் திரும்பி, நான்கு நிமிடத்தில் சேர்த்தேன்.

“இப்ப அமத்துங்கோ பிள்ளை.”

“செய்தி போட்டுது ஐயா. போட்டுது.”

இரண்டேகால் மணிக்கு மூதூர்ப் பக்கத்துப் படகொன்று காணாமற்போன படகைக் கண்டு கட்டி இழுத்து வந்தது. இயந்திரம் நின்றுபோயிருந்தது. அதில் போன மூன்று பேரும் வெயிலில் வதங்கியிருந்தார்கள், உயிரோடு. முகாமையாளர் ‘எமது துரித சேவை’ என்று மேலிடத்துக்கு எழுதினார். படிவம் நிரப்பாததற்கு எனக்கும் ஒரு கடிதம் தந்தார். இரண்டும் ஒரே நாள்.

பின்னேரம் வெருகல் பெண் மறுபடி தொலைபேசியில் வந்தாள்.

“ஆர் ஐயா அந்தப் பெயரைப் பட்டியலில இருந்து எடுத்தது?”

முகாமையாளரின் பெயர் நாக்கின் நுனிவரை வந்தது. ஐம்பதுக்காக எடுத்தவன் நான்.

“நான்தான் பிள்ளை.”



“இனி எங்களிட்டக் கேளாமல் எடுக்காதேங்கோ.”

அதன்பிறகு ஒரு பெயரை எடுப்பதென்றால் பதினேழு சங்கத்துக்கும் தொலைபேசி எடுத்துக் கேட்கிறேன். வீண்வேலை என்கிறார் முகாமையாளர். வெருகலுக்கு எடுத்தால் அவள் வணக்கமும் சொல்வதில்லை.

“ஓம் ஐயா, இண்டைக்கு எதைத் துலைக்கப் போறீங்கள்?”

பெயரைச் சொல்கிறேன். அவள் உள்ளே போய், படகுக்காரரிடம் விசாரித்துவிட்டு வரும்வரை காத்திருக்கிறேன்.